537 வாக்குகள்: 2000இல் ஃபுளோரிடாவில் ஜெயித்தது யார்?

கேள்வி இது: "2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் உண்மையில் ஜெயித்தவர் அல் கோர். வாக்குகளை எண்ணவிடாமல் தடுத்து, உச்ச நீதிமன்றம் ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கிவிட்டது என்கிறார்கள். சரிதானா?"

இதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலுமே விஷயம் இருக்கிறது. இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போடும்போதுதான் பிசகுகிறது. ஃபுளோரிடாவில் கோருக்கு வாக்களிக்க நினைத்து வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையை நிறுத்தியதும் உண்மை. ஆனால் அப்படி நிறுத்தப்பட்ட எண்ணிக்கை முடிந்திருந்தாலும், அநேகமாக புஷ்தான் ஜெயித்திருப்பார். இந்த மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் அந்தத் தேர்தலின் கதை.

முதலில் கணக்கு. நாடு முழுவதும் கோர் பெற்றது 5,09,99,897 வாக்குகள். புஷ் பெற்றது 5,04,56,002. ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் கோர் முன்னிலை. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகள். 270 கிடைத்தால் வெற்றி. கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கு அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். ஃபுளோரிடாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கோருக்கு 267, புஷ்ஷுக்கு 246. ஃபுளோரிடாவின் 25 யாருக்கோ அவரே அதிபர்.

அதிகாரபூர்வ முடிவு: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537. மாநிலத்தில் பதிவானவை சுமார் 59.6 லட்சம். பதினோராயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் வித்தியாசம். வேட்பாளராக நின்ற சின்னக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருமே 537க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரருக்கே 562 கிடைத்தது. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,488 வாக்குகள் பெற்றார் என்பதால், அவர்தான் கோரைக் கவிழ்த்தார் என்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நெடுநாள் புலம்பினார்கள். சொந்த மாநிலமான டென்னஸியில் கோர் ஜெயித்திருந்தால் அதன் 11 தேர்வாளர்களோடு ஃபுளோரிடா தேவையே பட்டிருக்காது. அதைப் பற்றி அந்தப் பக்கம் அவ்வளவாகப் பேச்சு எழுவதில்லை.

நவம்பர் 7 இரவு நடந்த கூத்து பலருக்கும் நினைவிருக்கும். வாக்குச்சாவடிக் கருத்துக் கணிப்பை நம்பி, கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குச் சற்று முன்பே தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவை கோருக்குக் கொடுத்துவிட்டன. அந்த மாநிலத்தின் மேற்குக் கோடி வேறு நேர மண்டலத்தில் இருக்கிறது. அங்கே வாக்குப்பதிவு இன்னும் முடியவேயில்லை. பத்து மணிவாக்கில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதிகாலை 2.16க்கு ஃபாக்ஸ் நியூஸ் புஷ் வெற்றி என்றது. சில நிமிடங்களில் மற்றவையும் ஒத்து ஊதின. ஃபாக்ஸில் அந்த முடிவை எடுத்த குழுவுக்குத் தலைவர் புஷ்ஷின் அத்தை மகன் ஜான் எல்லிஸ். இதைச் சதி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் மற்ற நிறுவனங்களையும் ஏமாற்றியது ஒரே பிழையான தரவுதான். வொலூசியா கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு வாக்குச்சாவடியின் நினைவக அட்டை கோளாறாகி, கோரின் கணக்கில் மைனஸ் 16,022 வாக்குகள் என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியதும் புஷ்ஷின் முன்னிலை கரைந்தது. அதற்குள் கோர் புஷ்ஷுக்கு போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார். தோல்வியை ஏற்றுப் பேச நாஷ்வில் மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். உதவியாளர்கள் தடுத்து நிறுத்தினார்கள். மறுபடி போன் போட்டு, கொடுத்த வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதிபர் தேர்தல் வரலாற்றில் இப்படியொரு இரண்டாவது அழைப்பு வேறு கிடையாது.

இனி, கோரை நினைத்துப் போனவர்கள் அதிகம் என்று நான் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுமைக்குமாகத் தேர்தலை நடத்தும் அமைப்பு கிடையாது. ஒவ்வொரு கவுன்டியும் தன் தேர்தலைத் தானே நடத்தும். வாக்குச்சீட்டு எப்படி இருக்க வேண்டும், எந்த எந்திரத்தில் எண்ண வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊர் அதிகாரியின் முடிவு. ஃபுளோரிடாவில் 67 கவுன்டிகள். 67 விதமான தேர்தல்கள் என்றே சொல்லலாம்.

பாம் பீச் கவுன்டியின் வாக்குச்சீட்டுதான் இதில் உலகப் புகழ் பெற்றது. வேட்பாளர் பெயர்கள் இடப்பக்கம் சில, வலப்பக்கம் சில. நடுவில் ஒரே வரிசையில் துளைகள். இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். வலப்பக்கம் முதலில் சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கானன். முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இடப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பட்டியலில் இரண்டாவது ஆள்தானே என்று இரண்டாவது துளையைக் குத்தியவர்களின் வாக்கு புக்கானனுக்குப் போனது. இதை வடிவமைத்தவர் கோரின் கட்சியைச் சேர்ந்த தேர்தல் அதிகாரி. நோக்கமும் நல்லதுதான். அங்கே முதியவர்கள் அதிகம் என்பதால் எழுத்தைப் பெரிதாக்க நினைத்தார். பத்து வேட்பாளர்களைப் பெரிய எழுத்தில் போட ஒரு பக்கம் போதவில்லை.

விளைவு: புக்கானனுக்கு அந்த ஒரு கவுன்டியில் 3,400 வாக்குகள். அதைவிடப் பெரிய அண்டை கவுன்டிகளான மயாமி-டேடையும் புரோவார்டையும் சேர்த்தாலும் அவருக்குக் கிடைத்தது 1,400க்குள்தான். யூத முதியவர்கள் நிறைந்த குடியிருப்புகளில் தமக்கு இத்தனை ஆதரவா என்று புக்கானனுக்கே நம்ப முடியவில்லை. அந்த வாக்குகளில் பெரும்பகுதி தமக்கு விழுந்தவை அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். இது போக, குழம்பிப்போய் இரண்டு துளை குத்தியவர்கள் 19,000க்கு மேல். அவை எல்லாம் செல்லாத வாக்குகள். அவற்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை கோரையும் புக்கானனையும் சேர்த்துக் குத்தியவை. 537 வாக்குத் தேர்தலில் இது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள்.

பாம் பீச்சை எல்லோருக்கும் தெரியும். டூவல் கவுன்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜாக்சன்வில் நகரம் இருப்பது அங்கேதான். அதிபர் வேட்பாளர் பட்டியலை இரண்டு பக்கத்துக்கு நீட்டியிருந்தார்கள். முன்கூட்டி வெளியிட்ட மாதிரிச் சீட்டில் 'ஒவ்வொரு பக்கத்திலும் வாக்களியுங்கள்' என்று வேறு அறிவுறுத்தியிருந்தார்கள். சொன்னபடி கேட்டவர்களின் வாக்கு செல்லாமல் போனது. அப்படிப் போனவை இருபதாயிரத்துக்கு மேல்; கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில்தான் அதிகம்.

எந்திரமும் ஊருக்கு ஊர் வேறு. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் காட்ஸ்டன், லியோன் என்ற இரண்டு பக்கத்துப் பக்கத்து கவுன்டிகள். இரண்டிலும் பேனாவால் வட்டத்தை நிரப்பும் சீட்டு, ஒளிவருடி எண்ணும் முறை. லியோனில் வாக்குச்சாவடியிலேயே எந்திரம் இருந்தது. தப்பாக நிரப்பினால் சீட்டைத் துப்பிவிடும், வாக்காளர் புதுச்சீட்டு வாங்கித் திருத்திக்கொள்ளலாம். காட்ஸ்டனில் எல்லாச் சீட்டையும் மூட்டை கட்டித் தலைமையகத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். அங்கே தப்பு தெரிந்தாலும் போட்டவர் பக்கத்தில் இல்லை. லியோனில் செல்லாத வாக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காட்ஸ்டனில் நூற்றுக்குப் பன்னிரண்டு. மாநிலத்திலேயே கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள ஒரே கவுன்டி காட்ஸ்டன். வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரின் வாக்குகள் நிராகரிக்கப்பட ஏறக்குறைய பத்து மடங்கு வாய்ப்பு இருந்ததாகப் பிறகு மனித உரிமைகளுக்கான அமெரிக்க ஆணையம் கண்டறிந்தது. அங்கே கறுப்பின வாக்குகளில் மிகப் பெரும்பகுதி கோருக்கே போகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கூட்டித்தான், கிளம்பிப் போனவர்களில் கோரின் ஆட்களே அதிகம் என்கிறேன். ஆனால் புக்கானனுக்குத் துளை குத்திய வாக்கை எத்தனை முறை எண்ணினாலும் அது புக்கானனுக்குத்தான் சேரும். பாம் பீச்சில் மறுதேர்தல் கேட்டுப் போட்ட வழக்குகளை மாநில நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. கோருக்கு ஏற்பட்ட மிகப் பெரிய சேதம், மறு எண்ணிக்கையால் எட்டவே முடியாத இடத்தில் இருந்தது.

எட்டக்கூடிய இடத்தில் இருந்தவை எந்திரம் எண்ணாமல் விட்ட வாக்குகள். அவை இரண்டு வகை. அதிபருக்கு வாக்கே இல்லை என்று எந்திரம் ஒதுக்கியவை சுமார் அறுபதாயிரம். ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று ஒதுக்கியவை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல். துளை அட்டையில் ஊசியால் குத்தினால் சின்னச் சதுரத் துணுக்கு ஒன்று கழன்று விழ வேண்டும். அதற்கு சாட் என்று பெயர். பல சமயம் அது முழுக்கக் கழலாமல் ஒரு மூலையில் தொங்கும். சில அட்டைகளில் வெறும் பள்ளம் மட்டும் விழுந்திருக்கும். எந்திரத்துக்கு இது தெரியாது, மனிதக் கண்ணுக்குத் தெரியும். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் எண்ணலாம் என்றது ஃபுளோரிடா சட்டம். எது தெளிவு என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு கவுன்டியில் பள்ளம் போதும் என்றார்கள், பக்கத்து கவுன்டியில் போதாது என்றார்கள். பாம் பீச்சில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே விதியை மாற்றினார்கள். காய்கறித் தராசில் தங்கம் நிறுத்த கதை.

இந்த இடத்தில் கோரின் அணி ஒரு கணக்குப் போட்டது. முதல் எண்ணிக்கையில் 1,784 வாக்காக இருந்த வித்தியாசம், அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தானாக நடக்கும் எந்திர மறு எண்ணிக்கையில் 327 ஆகக் குறைந்துவிட்டது. நமக்குச் சாதகமான நாலு கவுன்டிகளில் மட்டும் கையால் எண்ணினால் போதும், தாண்டிவிடலாம் என்று நினைத்தார்கள். வொலூசியா, புரோவார்ட், மயாமி-டேட், பாம் பீச். 'ஒவ்வொரு வாக்கையும் எண்ணுங்கள்' என்று மேடையில் முழக்கம், கேட்டது நாலு ஊரில் மட்டும். பிறகு நவம்பர் 15 அன்று, புஷ் ஒப்புக்கொண்டால் மாநிலம் முழுவதும் எண்ணலாம் என்று கோர் தொலைக்காட்சியில் அழைத்தார். முன்னிலையில் இருப்பவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார்? புஷ் தரப்புக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் பேக்கர் இதை முதல் நாளிலிருந்தே அரசியல் சண்டையாக நடத்தினார். கோரின் தரப்பில் வாரன் கிறிஸ்டஃபர். சட்ட நுணுக்கத்தையும் கண்ணியத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருமே முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்த ஐந்து வாரங்களை நாள்வாரியாகச் சொன்னால் புத்தகமாகிவிடும். முக்கியமானவை மட்டும். முடிவைச் சான்றளிக்க வேண்டிய மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவரும்கூட. ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. அவராவது சான்றளிக்கும் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஹாரிஸ் காலக்கெடுவை நீட்ட மறுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் நவம்பர் 26 வரை நீட்டியது. மயாமி-டேடில் நவம்பர் 22 அன்று எண்ணும் அறைக்கு வெளியே கோட்டு சூட்டு போட்ட கூட்டம் ஒன்று கதவைத் தட்டி ரகளை செய்தது. அதில் பலர் வாஷிங்டனிலிருந்து வந்திறங்கிய, புஷ்ஷின் குடியரசுக் கட்சி ஊழியர்கள். அன்றே அங்கே எண்ணிக்கை கைவிடப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேல் அட்டைகள் பாக்கி. பாம் பீச் கெடு தாண்டிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடித்தது, ஹாரிஸ் ஏற்கவில்லை. 537 என்ற எண் பிறந்தது அந்த நவம்பர் 26 மாலைதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகளில் இன்னொரு நாடகம். ராணுவத்தினரின் வாக்குகள் என்பதால் தபால் முத்திரை இல்லாவிட்டாலும் ஏற்க வேண்டும் என்று தனக்குச் சாதகமான கவுன்டிகளில் வாதாடிய குடியரசுக் கட்சி, கோரின் கோட்டைகளில் விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டது. கோரின் துணை வேட்பாளர் ஜோ லீபர்மேன் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ராணுவ வாக்குகளுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள் என்று பெருந்தன்மை காட்டினார். விதிப்படி குறையுள்ள 680 வாக்குகள் எண்ணப்பட்டிருந்ததைப் பின்னர் நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்தது.

டிசம்பர் 8: மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில், மாநிலம் முழுவதும் எந்திரம் 'வாக்கே இல்லை' என்று ஒதுக்கியவற்றைக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாள் காலை எண்ணத் தொடங்கினார்கள். பிற்பகலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தடை போட்டது. இந்தத் தடைதான் மொத்த விவகாரத்திலும் நியாயப்படுத்தவே முடியாத செயல் என்பது என் கருத்து. சட்டப்படி சந்தேகமான வாக்குகளை எண்ணினால் புஷ்ஷின் வெற்றி மேல் நிழல் விழும், அது ஈடுசெய்ய முடியாத தீங்கு என்றார் நீதிபதி ஸ்காலியா. சட்டப்படி விழுந்த வாக்கை எண்ணுவது எப்படித் தீங்காகும் என்று கேட்டார் நீதிபதி ஸ்டீவன்ஸ். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் ஒன்றை நான் படித்ததில்லை.

டிசம்பர் 12 இரவு பத்து மணிவாக்கில் இறுதித் தீர்ப்பு. கவுன்டிக்கு ஒரு அளவுகோல் என்று எண்ணுவது சமத்துவத்துக்கு முரண் என்பதில் ஏழு நீதிபதிகளுக்கு உடன்பாடு இருந்தது. எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை. அப்படியானால் ஒரே அளவுகோல் வகுத்து எண்ணுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கலாமே? தேர்வாளர் தகராறை ஒரு மாநிலம் அதற்குள் தீர்த்துவிட்டால் நாடாளுமன்றம் அந்த முடிவை ஏற்றாக வேண்டும் என்ற 'பாதுகாப்புக் கெடு' அன்று நள்ளிரவோடு முடிகிறது, இனி நேரமில்லை என்றார்கள் ஐந்து பேர். மூன்று நாளை விழுங்கியது அவர்களே போட்ட தடைதான். போதாததற்கு, இந்தத் தர்க்கம் இந்த வழக்குக்கு மட்டுமே பொருந்தும் என்று தீர்ப்பிலேயே ஒரு வரி. மாநில உரிமைகளின் காவலர்களாக இருந்த நீதிபதிகள் மாநில நீதிமன்றத்தைக் கவிழ்த்தார்கள். மத்தியின் தலையீட்டை வழக்கமாக வரவேற்கிறவர்கள் அன்று மாநிலத்தின் பக்கம் நின்றார்கள். மறுநாள் கோர், தீர்ப்போடு உடன்படவில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று சொல்லி விலகினார்.

முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குத்தான் நல்ல தரவு இருக்கிறது. பெரிய செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்றை வைத்து, ஒதுக்கப்பட்ட 1,75,010 சீட்டுகளையும் பரிசோதித்தன. 2001 நவம்பரில் முடிவு வந்தது. கோர் கேட்ட நாலு கவுன்டிகளையும் முடித்திருந்தால் புஷ் சுமார் 225 வாக்கில் ஜெயித்திருப்பார். மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபடி 'வாக்கே இல்லை' வகையை எண்ணியிருந்தாலும் புஷ்தான், சில நூறு வாக்கில். இரண்டு வகையையும் மாநிலம் முழுவதும் எண்ணியிருந்தால் மட்டும் கோர் முந்துகிறார். எந்த அளவுகோலை வைத்தாலும் 60 முதல் 171 வாக்கு வரை.

காரணம், 'ஒன்றுக்கு மேல்' என்று எந்திரம் துப்பிய சீட்டுகளில் சிலவற்றில், கோரின் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு, 'வேறு பெயர் இருந்தால் எழுதுக' என்ற இடத்திலும் கோர் என்றே எழுதியிருந்தார்கள். எண்ணத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. இப்படிப்பட்ட வாக்குகளில் கோரின் பங்கே அதிகம். அவற்றை எண்ணச் சொல்லி கோரின் வழக்கறிஞர்கள் கேட்கவேயில்லை; சாட் துணுக்கைச் சுற்றியே ஐந்து வாரமும் ஓடிவிட்டது.

இதைப் படித்துவிட்டு 'ஆக, கோர்தான்' என்று முடிவுக்கு வராதீர்கள். 60 வாக்கு என்பது அட்டையைப் பார்க்கும் ஆள் மாறினாலே மாறக்கூடிய எண். அந்தச் சீட்டுகளையும் அந்த எந்திரங்களையும் வைத்துக்கொண்டு 537 வாக்கு வித்தியாசத்தில் யார் முன்னால் என்று உறுதியாகச் சொல்ல வழியே கிடையாது; எந்த வகையை, யார், எந்த விதிப்படி எண்ணுவது என்று தீர்மானித்தவர்களே வெற்றியாளரையும் தீர்மானித்தார்கள். புஷ் சட்டப்படி வென்றார். அதற்குமேல் இழுத்தால் இரண்டு பக்கமுமே தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறது.

பிறகு என்ன செய்தார்கள் என்றும் சிலர் கேட்பதுண்டு. 2002இல் சட்டம் கொண்டுவந்து, 300 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, துளை அட்டைகளை ஒழித்தார்கள். ஃபுளோரிடாவின் பல கவுன்டிகள் தொடுதிரை எந்திரம் வாங்கின, காகிதமே கிடையாது. 2006இல் கேத்தரின் ஹாரிஸ் செனட்டுக்குப் போட்டியிடுவதற்காக விட்டுப்போன நாடாளுமன்றத் தொகுதியில் வெர்ன் புக்கானன் என்பவர் 369 வாக்கில் ஜெயித்தார் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்). அந்தத் தொகுதியின் சரசோட்டா கவுன்டியில் மட்டும் சுமார் 18,000 பேர், மற்ற பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு இந்தப் பதவியை மட்டும் விட்டிருந்தார்கள். திரையின் வடிவமைப்பில் அந்தப் போட்டி கண்ணில் படாமல் போயிருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கையால் எண்ணிப் பார்க்கலாம் என்றால், இந்த முறை எடுத்துப் பார்க்கத் துணுக்கும் இல்லை, அட்டையும் இல்லை. அடுத்த ஆண்டே மாநிலம் காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சட்டம் போட்டது.